ஒரு ஜிபியும் அரை ஜிபியும்

என் கடைக்கு வந்து யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்று நான் சொன்னதே கிடையாது. பிரிண்டர் ஏன் கோடு போடுகிறது, மழை பெய்தால் இன்டர்நெட் ஏன் நின்றுவிடுகிறது, மருமகன் சவுதியிலிருந்து அனுப்பிய லேப்டாப்பில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். பதில் தப்பாகிவிட்டால் பழியைக் கரண்ட்டின் மேல் போட்டுவிடுவேன். திருத்துறைப்பூண்டியில் கரண்ட்டுக்காகப் பரிந்து பேச யாரும் வந்ததில்லை.

கடைப் பலகையில் ஃபாஜில் என்ற என் பெயருக்குக் கீழே 'துபாயில் ஒன்பது ஆண்டு அனுபவம்' என்று எழுதி வைத்திருந்தேன். அது பொய் இல்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கம்பெனியில்தான் ஒன்பது வருடம் இருந்தேன். ஆனால் இருந்தது அதன் குடோனில். கன்டெய்னரிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கி, எண் பார்த்து அடுக்கி, கேட்கிறபோது எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை, பிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். பெட்டியின் மேல் என்ன அச்சடித்திருந்ததோ அதுதான் என் கம்ப்யூட்டர் படிப்பு. பெரிய எழுத்தில் போட்டிருக்கிற எண் கூடுதலாக இருந்தால் சாமான் உசத்தி. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து நான் இன்ஜினியர் ஆகிவிட்டேன். குடோன் விஷயம் என் மனைவி சுமையாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்துப் பதினொன்று மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் எல்லோர் கையிலும் இருந்த நேரம். நல்லக்கண்ணு தன் மகள் செம்மொழியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஊருக்குத் தெற்கே, தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடைக் கிராமம் அவருக்கு. அவருடைய அப்பா பண்ணையாள். இவர் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்து, குத்தகை எடுத்து, இப்போது ஐந்து மா நிலத்துக்குச் சொந்தக்காரர். அந்தத் தெருவில் முதல் இன்ஜினியர் செம்மொழி. தஞ்சாவூரில் சிவில் படித்தவள். கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் கட்டி, அதற்குள் நடந்து போய்ப் பார்க்கிற மாதிரி செய்யத் தெரிந்தவள்.

ஜெக்கரியா காக்கா என் அத்தா வழிச் சொந்தம், எனக்கு அண்ணன் முறை. பைபாஸ் பக்கம் முப்பது வீடு கட்டி, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு விற்க இருந்தார். வாங்குகிறவர்கள் எல்லோரும் லீவு போட்டு வந்து பார்க்க முடியாது. அதனால் வீட்டைத் திரையில் நடத்திக் காட்ட ஆள் தேடினார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு செம்மொழி ஒரு வீட்டை அவருக்கு நடத்திக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் முப்பது வீட்டின் வேலையும் அவளுக்குத்தான், அதை வைத்துப் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஆபீஸ் போட்டுவிடலாம். பிடிக்காவிட்டால் அவள் மாமா பார்த்து வைத்திருக்கிற திருப்பூர் பனியன் கம்பெனியில் பில் போடுகிற வேலை. நல்லக்கண்ணு இந்த ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருந்தார்.

அவள் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். தஞ்சாவூர் டீலர் அனுப்பிய இரண்டு வகைக் கார்டுகள் என்னிடம் இருந்தன. பெயர் ஒன்று, எண் ஒன்று, விலைகூட ஒன்றுதான். ஒரு பெட்டியில் '1 ஜிபி' என்று பெரிதாகப் போட்டிருந்தது. இன்னொன்றில் '512 எம்பி', அதாவது அரை ஜிபி. இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து மேசையில் வைத்தேன். செம்மொழி அரை ஜிபி பெட்டியைத் திருப்பி, பின்னால் இருக்கிற பொடி எழுத்தைப் படித்தாள். துபாயில் ஒன்பது வருடம் நான் படிக்காத பக்கம் அது.

"அண்ணே, ரெண்டும் ஒரே சிப்புதான். ஆனா ஒரு ஜிபில இருக்கற மெமரி பழைய வகை, நொடிக்கு இருபத்தஞ்சு ஜிபி தான் தள்ளும். இது புது வகை, அம்பத்து நாலு தள்ளும். என் வேலைக்கு இந்த அரை ஜிபிதான் சரியா வரும்னு நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் கேட்டது மரியாதையாகத்தான். எனக்குத்தான் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் குரல் உயரும்.

"நெட்ல ஆயிரம் எழுதுவாங்க. நான் துபாய்ல இந்தச் சாமானை ஆயிரக்கணக்குல கையால எடுத்துக் குடுத்தவன்மா. ஒண்ணு பெருசா, அரை பெருசா? சின்னப் புள்ளைய கேட்டாக்கூட சொல்லிடும்."

எடுத்துக் கொடுத்தவன் என்று சொன்னதில் எள்ளளவும் பொய் இல்லை என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

நல்லக்கண்ணு இடுப்பில் பணத்தை வைத்துக்கொண்டு நின்றபடியே இருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை. செம்மொழி அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மேட்டூர் நெறஞ்சு கெடக்குன்னு பேப்பர்ல போடுவான்ல? அத்தனை டிஎம்சி, இத்தனை டிஎம்சின்னு. நம்ம வாய்க்கால்ல எவ்வளவு வரும்?"

"கணுக்கால் நனையும்."

"அப்ப நமக்கு டிஎம்சி முக்கியமா, வாய்க்கால்ல எத்தனை கன அடி வருதுங்கறது முக்கியமா? இதுவும் அதேதாம்பா. இந்த ஒரு ஜிபி மேட்டூர் அளவு. அந்த இருபத்தஞ்சுதான் நம்ம வாய்க்கால்ல வர்றது."

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. நல்லக்கண்ணுவுக்கும் புரிந்தது. அணையில் கடலாகக் கிடந்தும் வயலுக்கு எட்டாத தண்ணீரைப் பற்றிக் கடைமடைக்காரருக்கா பாடம் எடுக்க வேண்டும்? அவர் அரை ஜிபி பெட்டியைக் கையில்கூட எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் சிரித்தேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள தண்ணியாண்ணே ஓடுது? மடை திறந்து விடுறதுக்கு ஆள் வெக்கணுமா?"

கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நல்லக்கண்ணு பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தார். தனக்குப் புரிந்ததை அந்தச் சிரிப்போடு கீழே போட்டுவிட்டார்.

"பாய் வெளிநாட்டுல பாத்தவரு. நீ சும்மா இரு செம்மொழி. பாய், எது நல்லதோ அதையே குடுங்க."

ஒரு ஜிபியைக் கொடுத்தேன். அவள் கம்ப்யூட்டரை வாங்கி வைத்து நானே மாட்டியும் கொடுத்தேன். மாட்டும்போது எதுவும் அழிந்துவிடக் கூடாதே என்று, அவள் செய்திருந்த வீட்டின் கோப்பை என் மெஷினில் ஒரு பிரதி ஏற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை அவள் மட்டும் வந்தாள். "அண்ணே, படம் நகராம இழுக்குது. தென்னை மரத்தையெல்லாம் எடுத்துட்டேன், நிழலையும் எடுத்துட்டேன், அப்பவும் இழுக்குது. அந்த இன்னொண்ணை மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். மாற்றிக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு பைசா நட்டமில்லை. ஆனால் மாற்றிக் கொடுத்தால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. "புது டிராக்டர் மாதிரிதாம்மா. ஓட ஓட சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சரிங்கண்ணே என்று போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெக்கரியா காக்கா வீட்டுக் கூடத்தில் புரொஜெக்டர் வைத்திருந்தார்கள். லீவில் வந்திருந்த குவைத், சிங்கப்பூர் ஆட்கள் இருபது பேர் இருப்பார்கள். ஊரின் கம்ப்யூட்டர் ஆள் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நல்லக்கண்ணு வாசலோரம் நின்றார், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

திரையில் வாசற்கதவு திறந்தது. அது வரைக்கும் நன்றாக இருந்தது. கூடத்துக்குள் போனதும் வீடு வெட்டி வெட்டி நகர்ந்தது. மாடிப்படி ஏறும்போது படம் அப்படியே நின்று, பிறகு நாலு படியைத் தாண்டிக் குதித்தது. சிங்கப்பூர்க்காரர் ஒருவர், "வீட்டுக்குள்ள நடக்கும்போது விக்கல் எடுக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செம்மொழி மவுசை அழுத்தமாகப் பிடித்திருந்தாள்.

ஜெக்கரியா காக்கா என் பக்கம் திரும்பினார். "என்ன ஃபாஜிலு, நீ குடுத்த சாமான்தானாமே? மெஷின்ல கோளாறா?"

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பிள்ளை கேட்ட கார்டை நான் கொடுக்கவில்லை காக்கா என்று. நாக்கு நுனி வரை வந்தது என்றெல்லாம் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள மாட்டேன். வரவே இல்லை. யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"மெஷின் ஃபர்ஸ்ட் கிளாஸ் காக்கா. இருக்கறதுலயே பெருசைத்தான் குடுத்தேன். அதை ஓட்டுறதுக்குக் கைப்பழக்கம் வேணும்ல."

செம்மொழி திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற நல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். சென்னையில் ஒரு கம்பெனியைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஜெக்கரியா காக்கா சொல்லிவிட்டு எல்லோருக்கும் பிரியாணி வைக்கச் சொன்னார். அப்பாவும் மகளும் சாப்பிடாமல் போய்விட்டார்கள். நான் சாப்பிட்டேன்.

சாயங்காலத்து அஸர் தொழுகைக்கு முன்பே கடையைத் திறந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, என் மெஷினில் இருந்த அவள் கோப்பைத் திறந்தேன். முதலில் என்னிடம் மிச்சமிருந்த இன்னொரு ஒரு ஜிபி கார்டைப் போட்டேன். ஓரத்தில் நொடிக்கு எத்தனை படம் என்று எண் காட்டும். பதினான்கு, பதிமூன்று, பதினான்கு. வெட்டி வெட்டித்தான் போனது. கார்டைக் கழற்றி அரை ஜிபியை மாட்டினேன். முப்பத்தொன்று.

இது அவள் மரத்தை எடுப்பதற்கு முன்பு இருந்த கோப்பு. வாசலில் இரண்டு தென்னை நின்றது. அதன் நிழல் சிமெண்டுத் தரையில் விழுந்து, நடக்க நடக்கக் கூடவே நகர்ந்தது. மாடிப்படி ஒவ்வொன்றாக ஏறினேன். மேலே ஜன்னலுக்கு வெளியே வயலும், வயலை ஒட்டி ஒரு வாய்க்காலும் வைத்திருந்தாள். ஜெக்கரியா காக்கா பார்த்திருந்தால் அந்த நிமிடமே கையைப் பிடித்து வேலையைக் கொடுத்திருப்பார். அதைப் பார்த்தது நான் ஒருத்தன்தான். கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது என்றால் பொய். அறைய யாரும் இல்லையே என்றுதான் இருந்தது.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் நல்லக்கண்ணு வந்து நின்றார். பின்னால் செம்மொழி. அவர் கையில் அந்த ஒரு ஜிபி கார்டு, துடைத்து, அதன் பெட்டியிலேயே போட்டு, ரப்பர் பேண்டு மாட்டியிருந்தது. இன்னொரு கையில் ஒரு பை நிறையப் பூவன்பழம்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல சாமானைக் குடுத்தீங்க. இந்தப் புள்ளைக்குத்தான் ஓட்டத் தெரியல. அத்தினி பேருக்கு முன்னாடி உங்க பேரைக் கெடுத்துருச்சு. காசெல்லாம் வேணாம், சாமானை நீங்களே வெச்சுக்கங்க. திங்கக்கெழமை திருப்பூருக்கு அனுப்பிடுறேன்." பிறகு மகளைப் பார்த்தார். "பாய்கிட்ட மன்னிப்பு கேளு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"பரவால்ல, விடும்மா" என்றேன் நான்.

பழத்தையும் வாங்கிக்கொண்டேன். அவர் வற்புறுத்தினார் என்று பணத்தைத் திருப்பிக் கொடுக்காமலும் இருந்துவிட்டேன்.

அந்தப் பழத்தை வீட்டில் வைத்ததும் யார் கொடுத்தது என்று சுமையா கேட்டாள். சாப்பிடுகிற நேரம், தட்டைப் பார்த்துக்கொண்டே ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"துபாய்ல நீங்க என்ன வேலை பாத்தீங்கன்னு தெரிஞ்சுதான் உங்களோட இருக்கேன். எனக்கு அதுல ஒரு கொறையும் இல்ல. அது அந்த அப்பாவுக்கும் தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்ல?" என்று மட்டும் கேட்டாள். பழத்தை அவள் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அரை ஜிபி கார்டையும் அவர் கொடுத்த பணத்தையும் எடுத்துக்கொண்டு வண்டியில் அவர்கள் கிராமத்துக்குப் போனேன். நல்லக்கண்ணு பதறிப் போய்விட்டார். ஓடி நாற்காலியை எடுத்து, தோளில் இருந்த துண்டால் தட்டிப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச வராது என்று தெரியும். கூடத்தில் திருப்பூருக்கு ஒரு பை கட்டி வைத்திருந்தது. செம்மொழி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்ட கார்டுதான் சரியான கார்டு என்றேன். மேட்டூர், வாய்க்கால் என்று அவள் சொன்னது அப்போதே எனக்குப் புரிந்தது, புரிந்தும் சிரித்தேன் என்றேன். புதன்கிழமை அவள் வந்து கேட்டதைச் சொன்னேன். துபாயில் நான் இன்ஜினியர் இல்லை, குடோனில் பெட்டி தூக்கினவன் என்றும் சொல்லிவிட்டேன். இவ்வளவு தூரம் சொல்லிவிட்டோமே, இனி பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன்.

நல்லக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா செம்மொழி? பெரிய மனுசன்னா இப்புடி இருக்கணும். நீ மனசு ஒடிஞ்சு போயிடக் கூடாதுன்னு அவரு தன்னையே தாழ்த்திக்கிட்டுப் பேசுறாரு. யாருக்கு வரும் இந்தக் குணம்?"

"இல்லண்ணே, நான் நெசமாத்தான் சொல்றேன்."

"எனக்குத் தெரியாதா பாய் உங்களை!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், அதை நம்ப மறுக்கிறாரே என்ற கோபம். கார்டைப் பிரித்தேன். அவள் கம்ப்யூட்டரில் நானே மாட்டினேன். பழைய கோப்பை, மரமும் நிழலும் இருக்கிறதை, திறக்கச் சொன்னேன். செம்மொழி மவுசைத் தொட்டாள். கதவு திறந்தது, கூடம் வந்தது, ஒரு இடத்தில்கூட நிற்காமல் மாடிப்படி ஏறியது. ஜன்னல் வழியாக வயல் தெரிந்தது. நல்லக்கண்ணு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கண்ணே. இப்பவாவது நம்புறீங்களா?"

"நம்பாம என்ன பாய்? உங்க கை பட்டதும் ஓடுது பாருங்க! இதான் அனுபவம்ங்கறது."

நான் செம்மொழியைப் பார்த்தேன். மவுசைப் பிடித்திருந்தது அவள் கை. அவள் அதைச் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அண்ணே, இங்க சொன்னதை ஜெக்கரியா சார்கிட்ட சொல்லுவீங்களா? அன்னிக்கு இருந்தவங்க முன்னாடி. அவங்க உங்க சொந்தக்காரங்கதானே, நீங்க சொன்னா நம்புவாங்க. எனக்கு இன்னொரு தடவை காட்டவாவது விடுவாங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைமடைக் கிராமத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் குடோன் கதையைச் சொல்வது ஒன்று. ஜெக்கரியா காக்காவிடம், குவைத்துக்காரர்கள் முன்னால், என் பலகையைப் படித்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்கள் முன்னால் சொல்வது வேறு. அந்த இருபது முகமும் என் கண் முன்னால் வந்தது. சொல்றேன்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

நல்லக்கண்ணு முந்திக்கொண்டார். "என்ன பேச்சு பேசுற நீ? ஒனக்காக அவரு பேரைக் கெடுத்துக்கணுமா? பாய், அதெல்லாம் ஒண்ணும் வேணாம். நீங்க எங்க வீடு தேடி வந்ததே பெருசு."

எனக்குள் எதுவோ இளகி இறங்கியது. நிம்மதி. வெட்கம் இல்லாத நிம்மதி. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் செம்மொழி அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க சொன்னா சரிதாங்கண்ணே" என்று நான் நல்லக்கண்ணுவிடம் சொன்னேன். அவர் பேச்சுக்கு நான் மதிப்புக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

செம்மொழி கம்ப்யூட்டரை அணைத்தாள். பின்பக்கத் திருகைக் கழற்றி, கார்டை உருவி, பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தாள். "பில் போடுற வேலைக்கு இது வேணாம்ண்ணே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. எழுந்து போய், கட்டி வைத்திருந்த பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பணத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நல்லக்கண்ணு ரோடு வரைக்கும் கூடவே வந்தார். வண்டியை நான் கிளப்பும்போது பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, பாய் எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று சொன்னார். பிறகு இரண்டு கையையும் கூப்பி எனக்கு நன்றி சொன்னார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.